சன்னலைச் சாத்தியது யார்?

அத்தியாயம் ஏழு

கரண்டி துவானின் காதுக்கு ஒரு விரல்கடை தள்ளிப் பறந்துபோய், சுவரிலிருந்த நாள்காட்டியைக் கிழித்துக்கொண்டு விழுந்தது.

“அடுத்தது கத்திதான்!” என்று கத்தினாள் நூடுல்ஸ் கடை முதலாளி மெங். “ரெண்டு நாளா போன் பண்றேன், இப்பத்தான் வர்றியா? வெப்பக் கம்பெனிக்காரனுங்களுக்கு வெக்கம்னு ஒண்ணு இருந்தா...”

“அண்ணி, அண்ணி! நான் வெப்பக் கம்பெனி ஆள் இல்ல. நல்லாப் பாருங்க. இவ்வளவு அழகா ஒருத்தனை அவங்க வேலைக்கு வெப்பாங்களா?”

மெங் உற்றுப் பார்த்தாள். அழகை நம்பவில்லை, கம்பெனி ஆள் இல்லை என்பதை மட்டும் நம்பினாள். கத்தி கீழே இறங்கியது.

வெளியே பூஜ்யத்துக்குக் கீழே இருபத்தெட்டு டிகிரி. கடைக்குள்ளும் வாயைத் திறந்தால் புகை. ஹார்பின் நகரத்து ஜனவரியில் கடையைச் சூடாக்கும் வெந்நீர் ரேடியேட்டர் செத்துப்போனால் மனுஷனுக்குக் கோபம் வரத்தான் செய்யும்; பாவம், அவள் கையில் கரண்டி இருந்தது.

துவானுக்குப் பின்னால் நுழைந்த கூ அக்கா யாருக்கும் வணக்கம்கூடச் சொல்லாமல் நேரே சுவரோரம் போய், கையுறையைக் கழற்றி ரேடியேட்டரைத் தொட்டுப் பார்த்தாள். துப்பறிய வருவதற்கு முன்னால் இருபத்தைந்து வருஷம் வெப்பக் கம்பெனியில் புகார் விசாரித்தவள் அவள். வீடு பதினெட்டு டிகிரிக்கு ஏறவில்லை என்று புகார் வந்தால் தெர்மாமீட்டரோடு போய் நிற்பாள். அவள் படியேறும் சத்தம் கேட்டதும் சன்னலைத் திறந்து வீட்டை ஆறவைத்துவிட்டு, பல் கிட்டிக்கக் கதவைத் திறந்தவர்களை ஆயிரக்கணக்கில் பார்த்திருக்கிறாள். பொய் எத்தனை டிகிரியில் இருக்கும் என்று அவளுக்கு அத்துப்படி. துவானோ பன்னிரண்டு வருஷம் பொதுக் குளியல்கூடத்தில் முதுகு தேய்த்தவன். அவன் கைக்கு மாடு அடங்கும். வாய் அவனுக்கே அடங்காது.

மூலை மேசையில் லியூமே உட்கார்ந்திருந்தாள். எதிரே தொடாத சூப். கீழுதடு பிளந்து, தையல் போட்டு, வீங்கியிருந்தது. முந்தின நாள் ரெண்டு தடியன்கள் வீட்டுக் கதவை உடைத்து வந்து, “புருஷன் எங்கே?” என்று கேட்டதற்கு அவள் தெரியாது என்றதன் விலை அது.

அவள் புருஷன் பைவென், இதே கட்டடத்து மூன்றாம் மாடியில் கெங் என்பவனின் லாரி கம்பெனி கம்ப்யூட்டர் சர்வர் ரூமைக் கவனித்துக்கொண்டவன். மூன்று நாள் முன்னால் கம்பெனிப் பின்கட்டில் ஹுவோ என்ற டிரைவர் இரும்பால் மண்டை பிளந்து செத்துக் கிடந்தான். அதே நேரத்தில் பைவென் காணாமல் போனான். கேமரா பதிவு இருந்த டிஸ்க்கையும் காணோம். ‘அடிச்சுக் கொன்னுட்டு டிஸ்க்கோட ஓடிட்டான்’ என்று கெங் சொன்னான், போலீஸ் எழுதிக்கொண்டது. ஓடியவனுடைய ஓவர்கோட்டு வீட்டு ஆணியில் அப்படியே தொங்கியது. இந்தக் குளிரில் கோட்டில்லாமல் ஓடினவன் முதல் பஸ் நிறுத்தத்தைத் தாண்ட மாட்டான். உயிரோடு இருந்தால் பக்கத்தில்தான் இருக்க வேண்டும். லியூமே கூ அக்காவிடம் கேட்டதும் அது ஒன்றைத்தான்: “உயிரோட இருந்தா உயிரோடயே கொண்டுவந்து குடுங்க.”

“சூப்பைக் குடிம்மா,” என்றாள் மெங். “இந்தக் குளிர்ல ரெண்டே நிமிஷத்துல ஆறிடும். பதினோரு வருஷமா என் சூப்பை ஒருத்தன் குறை சொன்னதில்ல. சொன்ன ஒருத்தனும் முழு மண்டையோட வெளிய போகல.”

“இந்தக் குழாய் வரிசையில யாரெல்லாம்?” என்று கேட்டாள் கூ அக்கா.

“இந்தக் கடையைச் சேர்த்து நாலு மாடிக்கும் ஒரே குழாய், மேலேருந்து இறங்குது. எந்த மாடியில வால்வை மூடினாலும் மொத்த வரிசையும் காலி. நாலாவது மாடி டான்ஸ் டீச்சர், குளிர் முடியறவரைக்கும் ஹைனான் தீவுல வெயில் காயறா, கதவு பூட்டு. ரெண்டாவது பல் டாக்டர், வெறைச்சுப்போய் கடையைச் சாத்திட்டார். மூணாவது கெங்கோட சர்வர் ரூம். ஆனா அவனுங்க மூட மாட்டானுங்க.”

“எப்படிச் சொல்றீங்க?”

“பதினோரு வருஷத்துக்கு முன்னால, அவனுங்க வந்த முதல் வருஷம் மூடினானுங்க. ரூம் வேகுதாம். குளிர்காலத்துல ஏசியும் ஓடாது, வெளியில இருக்கிற அதோட பெட்டி டிசம்பர்லயே உறைஞ்சு செத்துடும். அதுக்காக என் கடை உறையணுமா? மாவுக்கட்டையைத் தூக்கிட்டு மேல போனேன்.” வெட்டும் பலகையில் கிடந்த கட்டையைக் காட்டினாள். ஒரு கை நீளம், வழவழவென்று இருந்தது. “ரெண்டு பேருக்கு முதுகு வீங்குச்சு. அன்னிக்கு ஒப்பந்தம். வால்வைத் தொடக்கூடாது, வெக்கையா இருந்தா மேல் சன்னலைத் திறந்துக்கணும். இன்னி வரைக்கும் மீறல.”

“அவர் புலம்பிட்டே இருப்பார்,” என்றாள் லியூமே மெல்ல. “ஊரே நடுங்கறப்ப என் மெஷின் மட்டும் வேகுதுன்னு.”

கூ அக்கா எழுந்து தெருவுக்குப் போனாள். துவான் தொப்பியைக் காது வரை இழுத்துக்கொண்டு பின்னால் ஓடினான். லியூமேயும் வந்தாள்.

மூன்றாம் மாடியில் அந்தப் பழைய இரட்டைச் சன்னல். இலையுதிர்காலத்திலேயே விளிம்பெல்லாம் காகிதம் ஒட்டி அடைத்தது. மேல் மூலையில் ஒரு சின்னக் கண்ணாடிக் கதவு மட்டும் திறக்கும். அதன் மேல் உள்ளிருந்த ஈரம் உறைந்து வெள்ளை வெளேரென்று பனிப் பூக்கள். கீழே ஒரு பிளாஸ்டிக் பை தொங்கியது. உள்ளே கறுத்து உறைந்த பேரிக்காய்கள். சுற்றிலும் சன்னலுக்குச் சன்னல் அப்படி ஏதாவது ஒரு பை தொங்கிக்கொண்டுதான் இருந்தது. வானமே ஃபிரிட்ஜாக இருக்கும்போது காசு கொடுத்து எவன் வாங்குவான்?

“திறந்து கிடக்கிற சன்னல்ல பூப் பூக்காது,” என்றாள் கூ அக்கா. “சாத்தி ரெண்டு நாள் ஆச்சு.”

“சாத்தினா சாத்தட்டுமே அக்கா. குளிருதுன்னு சாத்தியிருப்பான்.”

“மெஷினுக்கா குளிரும்? அந்த ரூம்ல எதுக்காக வேணும்னாலும் சன்னலைத் திறப்பாங்க, எதுக்காகவும் சாத்த மாட்டாங்க. இப்ப யோசி. திறந்திருந்தா என்ன ஆகும்? உள்ள ஒருத்தன் கத்தினா தெருவுக்குக் கேக்கும். அதனால சாத்தியாச்சு. சாத்தினா ரூம் கொதிச்சு அலாரம் அடிக்கும். அதனால வால்வையும் மூடியாச்சு.”

துவானுக்குச் சட்டென்று உறைத்தது. “அடப்பாவி! பைவெனை உள்ளயே அடைச்சு வெச்சிருக்கானுங்க! போலீஸ் முதல் நாளே அந்த ரூமைப் பார்த்துட்டாங்களே?”

“ஒரு தடவை பார்த்த இடத்தை மறுபடி எவன் பார்ப்பான்?”

லியூமே படிக்கட்டுப் பக்கம் பாய்ந்தாள். கூ அக்கா அவள் தோளைப் பிடித்து நிறுத்தினாள்.

“உயிரோட இருக்காரா?” லியூமேயின் குரல் கிழிந்தது.

“செத்தவனுக்காக யாரும் சன்னலைச் சாத்த மாட்டாங்க. நீ கடையில இரு. ஒண்ணு மட்டும் சொல்லு, அவருக்கு உறைஞ்ச பேரிக்காய் பிடிக்குமா?”

“அவருக்கா? பச்சைத் தண்ணி பட்டாலே பல்லு கூசிக் குதிப்பார்.”

“ம்,” என்றாள் கூ அக்கா. அவள் ‘ம்’ என்றால் துவான் பதில் எதிர்பார்ப்பதில்லை.

படியேறும்போது துவான் கோட்டுப் பையைத் தட்டிப் பார்த்துக்கொண்டான். மத்தியானம் கெங் தானே கூப்பிட்டுக் கொடுத்த கடிதம் அதில் இருந்தது. சிவப்பு முத்திரை குத்திய கடிதம். ‘இவர்களை எங்கள் கம்பெனியில் எங்கு வேண்டுமானாலும் அனுமதிக்கவும்.’ கொடுக்கும்போது கெங், “தாராளமாத் தேடுங்க. கிடைச்சா எனக்கு முதல்ல சொல்லுங்க,” என்று தேனாகச் சிரித்தான்.

சர்வர் ரூம் கதவுக்கு முன்னால் ஒரு ஸ்டூலில் பியென் உட்கார்ந்திருந்தான். பைவெனுக்குக் கீழே வேலை பார்த்தவன். ஒல்லி உடம்பு, கண்ணில் ரெண்டு நாள் தூக்கமில்லை. துவான் கடிதத்தை நீட்டினான். பியென் முத்திரையைப் பார்த்தான், முகம் வெளிறியது.

“உள்ள போகக் கூடாது. தீயணைக்கிற கேஸ் கசியுது.”

“மெஷினெல்லாம் சூடாயிடாதா தம்பி?” என்றாள் கூ அக்கா பரிவோடு.

“இந்தக் குளிர்லயா? மேல் சன்னலைத் திறந்து விட்டிருக்கேன். வானமே ஏசி போடுது.”

“திறந்து?”

“முழுசா.”

கூ அக்கா துவானைத் திரும்பிப் பார்த்தாள். அதற்கு அர்த்தம் ஒன்றுதான்.

துவான் அவன் சட்டையைப் பிடித்துத் தூக்கினான். ஒல்லிதானே என்று நினைத்தது பெரிய தப்பு. பியென் ஸ்டூலை எடுத்து அவன் விலாவில் இறக்கினான். மூச்சு நின்றது. குனிந்தவனின் கையைக் கடித்தான், கோட்டைத் தாண்டிப் பல் இறங்கியது. துவான் அலறிக்கொண்டு அவனைச் சுவரில் மோதினான். ஒருமுறை. இருமுறை. அப்படியும் அவன் சாவியை விடவில்லை. மூன்றாவது தடவை துவான் தலையால் முட்டியதில் பியெனின் மூக்கு நொறுங்கியது. இருவர் முகத்திலும் ரத்தம் தெறித்தது. மடங்கிய விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துச் சாவியை எடுக்க வேண்டியிருந்தது. நடுவிரல் பிரியும்போது சடக்கென்று ஒரு சத்தம் கேட்டது.

“வேணாம்...” பியென் தரையில் ரத்தத்தைத் துப்பிக்கொண்டு அழுதான். “உங்க காலைப் பிடிக்கறேன், திறக்காதீங்க...”

“அழுகையெல்லாம் ஜட்ஜ் முன்னாடி வெச்சுக்கோ,” என்று துவான் கதவைத் திறந்தான்.

ரெண்டு வரிசை மெஷின்கள் உறுமிக்கொண்டிருந்தன. துவான் தொப்பியைக் கழற்றினான். நன்றாக, சுகமாக இருந்தது. மூலையில் மடித்த ரஜாய், ஒரு வெந்நீர் ஃபிளாஸ்க், பாதி தின்ற பாவ்ட்சுக் கொழுக்கட்டை, ஒரு பாக்கெட் பல்வலி மாத்திரை.

கூ அக்கா சுவர்த் தெர்மாமீட்டரின் முன்னால் நின்றாள். நின்றவள் நகரவில்லை.

“இருபத்திரெண்டு,” என்றாள். அவள் முகம் செத்துப்போயிருந்தது. “துவான், நான் மண்டு. சன்னல் திறந்திருந்தா இங்க மெஷின் பிழைக்கும், மனுஷன் வெறைச்சுச் சாவான். சாத்திட்டு ரேடியேட்டரையும் விட்டு வெச்சா மனுஷனும் வேகணும், மெஷினும் வேகணும். ரெண்டையும் மூடினாத்தான் இருபத்திரெண்டு வரும். இது மெஷினுக்காகச் செஞ்ச ரூம் இல்லடா. ஒருத்தன் குடியிருக்கறதுக்காகச் செஞ்சது. கைதிக்குக் குளிருமேன்னு எந்தக் கடத்தல்காரன் கவலைப்படுவான், பல்வலி மாத்திரை வாங்கித் தருவான்?”

துவான் வாசலைத் திரும்பிப் பார்த்தான். அவன் மூக்கை உடைத்த பையன் நாலு காலில் தவழ்ந்து உள்ளே வந்துகொண்டிருந்தான்.

“அண்ணே, ஓடிடுங்க,” என்றான் பியென் மெஷின்களைப் பார்த்து. “கெங்கோட ஆளுங்க... முத்திரை வெச்ச லெட்டர்...”

மெஷின் வரிசைக்குப் பின்னாலிருந்து தாடி வளர்ந்த ஒரு மனிதன் எழுந்தான். கையில் ஸ்க்ரூ டிரைவர். பைவென்.

“நாங்க லியூமே அனுப்பின ஆளுங்க!” என்றான் துவான் அவசரமாக. பியெனைப் பார்க்க அவனுக்கு வெட்கமாக இருந்தது. “தம்பி, நீ இவரை ஒளிச்சு வெச்சேன்னு ஒரு வார்த்தை...”

“யார்கிட்டச் சொல்வான்?” என்றது வாசலில் ஒரு குரல். “கெங் குடுத்த கடிதத்தோட வந்தவங்ககிட்டயா?”

துவான் திரும்பும் முன்னால் முழங்காலில் இரும்பு இறங்கியது. உள்ளே ஏதோ உடைந்தது அவனுக்கே கேட்டது. விழுந்தான். மேலே கெங் நின்றான். தோளை மறைத்த நரித்தோல் காலர், கையில் முழங்கை நீளப் பைப் ரெஞ்ச், அதே தேன் சிரிப்பு.

“மூணு நாளா என் ஆளுங்க ஊரையே கலக்கினாங்க. நீங்க ஒரே மத்தியானத்துல மோப்பம் பிடிச்சுட்டீங்க. நல்ல நாய்ங்க, பின்னாடியே வந்தது வீண்போகல.” கதவைக் காலால் சாத்தினான். “பைவென், டிஸ்க்.”

“போலீஸ்கிட்டக் குடுத்துட்டேன்.”

“குடுத்திருந்தா நான் இங்க நின்னுட்டிருக்க மாட்டேன்.” ரெஞ்ச் இறங்கியது. பியெனின் உடைந்த விரல் மேலேயே இறங்கியது. அந்த அலறல் மெஷின் சத்தத்தையும் மீறி எழுந்து, மூடிய சன்னலில் மோதி அங்கேயே அடங்கியது. “ஹுவோவும் இப்படித்தான் கத்தினான். சம்பளத்துக்குப் பத்து பேரைச் சேர்த்துட்டு வந்து நியாயம் பேசினான். மூணு அடி போதுமா இருந்தது. உன் பொண்டாட்டிக்கு எத்தனை வேணும்? கீழதான உக்காந்திருக்கா?”

பைவென் ஸ்க்ரூ டிரைவரோடு பாய்ந்தான். கெங் ஒதுங்கி, ரெஞ்சின் பின்முனையால் அவன் வயிற்றில் குத்தினான். பைவென் மடங்கி, செத்துக் கிடந்த ரேடியேட்டரின் மேல் விழுந்தான். கெங் அவன் தலைமயிரைப் பிடித்தான்.

துவான் எழப் பார்த்தான், கால் ஒத்துழைக்கவில்லை. தவழ்ந்துபோய் கெங்கின் கணுக்காலைப் பிடித்தான். பன்னிரண்டு வருஷம் முதுகு தேய்த்த பிடி. கெங் உதைத்தான், முகத்தில், மறுபடி முகத்தில். ஒரு பல் கழன்று நாக்கில் விழுந்தது. துவான் விடவில்லை.

“அக்கா,” என்று குழறினான், “ஏதாவது பண்றதா இருந்தா... இப்பப் பண்ணுங்க... எனக்கு வேற வேலை இருக்கு...”

கூ அக்கா ஃபிளாஸ்க்கைத் தூக்கிச் சன்னலின் மேல் மூலைக்கு வீசினாள். இரண்டு கண்ணாடியும் பனிப் பூவோடு நொறுங்கிச் சிதறின. உள்ளே பாய்ந்த குளிர் எல்லார் முகத்திலும் அறைந்தது. அவள் சன்னலோர மேசை மேல் ஏறி, உடைந்த ஓட்டைக்கு வாயை வைத்து, இருபத்தைந்து வருஷம் மாடி மாடியாகக் கத்திப் பழகிய தொண்டையைத் திறந்தாள்.

“மெங் அண்ணீ! வால்வை மூடின ஆளு இங்க நிக்கிறான்! கையில ரெஞ்சோட நிக்கிறான்!”

கெங் ஒரு நொடி புரியாமல் பார்த்தான். பிறகு வாய்விட்டுச் சிரித்தான். “யாரைக் கூப்பிடற? நூடுல்ஸ்காரியையா?”

படிக்கட்டு அதிர்ந்தது. ரெண்டு நாள் குளிரும் ரெண்டு நாள் வியாபாரமும் ரெண்டு நாள் எடுக்கப்படாத போனும் ஒன்றாகச் சேர்ந்து மேலே ஏறி வந்தன.

கதவு சுவரில் அடித்துத் திறந்தது. மெங்கின் கண்ணுக்கு மூன்று விஷயம் போதுமாயிருந்தது: சில்லிட்ட ரேடியேட்டர், பக்கத்தில் கெங், அவன் கையில் பைப் ரெஞ்ச்.

“நீதானாடா அது?”

“ஏய் கிழவி, இது என் கம்...”

மாவுக்கட்டை அவன் மணிக்கட்டில் விழுந்தது. எலும்பு முறிந்த சத்தத்தோடு ரெஞ்ச் தரையில் விழுந்தது. இரண்டாவது அடி காதோடு. மூன்றாவதை அவள் இரண்டு கையாலும் பிடித்து இறக்கினாள். கெங் முகங்குப்புறச் சரிந்தான். “பதினோரு வருஷ ஒப்பந்தம்டா!” என்று முதுகில் இன்னும் ரெண்டு போட்டாள்.

அவளுக்குப் பின்னால் லியூமே வந்து நின்றாள். புருஷனைப் பார்த்தாள், கெங்கைப் பார்த்தாள். குனிந்து ரெஞ்சை எடுத்தாள். அதைத் தலைக்கு மேல் ஓங்கினாள். கீழே கெங்கின் பின்மண்டை.

“லியூமே,” என்றாள் கூ அக்கா மேசை மேலிருந்தே, “அதுல ஹுவோவோட ரத்தம் இருக்கு. உன் கையால அதைத் துடைச்சுக் குடுத்துடாதே.”

ரெஞ்ச் கொஞ்ச நேரம் காற்றில் நின்றது. பிறகு மெதுவாக இறங்கி மேசைக்கு வந்தது.

கூ அக்கா ஓட்டை வழியே கையை நீட்டிப் பேரிக்காய்ப் பையை உள்ளே இழுத்து உதறினாள். கல் மாதிரி பேரிக்காய்கள் உருண்டன. நடுவில் பிளாஸ்டிக்கில் சுற்றிய கறுப்பு டிஸ்க்.

“பல்லு கூசறவன் சன்னல்ல பேரிக்காய்,” என்றாள். “அதை மட்டும்தான் இன்னிக்கு நான் சரியாப் படிச்சேன்.”

“என் பல்லையும் தேடுங்க அக்கா, அங்கதான் எங்கயோ கிடக்கு,” என்றான் துவான். பியெனின் பக்கம் கையை நீட்டினான். “தம்பி, மூக்கு ஆறினதும் குளியல்கூடத்துக்கு வா. ஆயுசுக்கும் உனக்கு முதுகு தேய்ச்சு விடறேன்.” பியென் வலியோடு ஒரு கெட்ட வார்த்தை சொன்னான். துவானுக்கு அது ஆறுதலாக இருந்தது.

மெங் வால்வைத் திருகினாள். நாலாவது மாடியிலிருந்து டங் டங்கென்று குழாய் அடித்துக்கொண்டு வெந்நீர் இறங்கியது. தெருக்கோடியில் போலீஸ் சைரன் கேட்டது; லியூமே கீழேயிருந்தே கூப்பிட்டிருந்தாள்.

பைவென் ரேடியேட்டரில் சாய்ந்தபடி கையை நீட்டி அவள் முகத்தைத் திருப்பினான். உதட்டையும் தையலையும் அப்போதுதான் பார்த்தான்.

“இது என்ன?”

லியூமே அவன் தாடியைத் தடவினாள். மூன்று நாளாக அழாதவள் அப்போதும் அழவில்லை.

“ஒண்ணுமில்ல. சூப் சுட்டுடுச்சு.”

எல்லாரும் மெங்கைப் பார்த்தார்கள். அவள் மாவுக்கட்டையை சமையல் ஏப்ரனில் துடைத்துக்கொண்டிருந்தாள். கெங்கின் ரத்தம் லேசில் போகவில்லை.

“ஆமாப்பா,” என்றாள் தலையை நிமிர்த்தாமல். “என் தப்புதான். கொதிக்கக் கொதிக்கக் குடுத்துட்டேன்.”